ரிட்டர்ன் டிக்கெட்

நம்பாதவர்கள் என் வலது கை நகங்களை முகர்ந்து பார்க்கலாம். இருபத்தொன்பது நாளாகச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன். இன்னும் போகவில்லை.

படகுத்துறையின் தகவல் கவுன்டரில் வேலை செய்கிறேன். டிக்கெட்டும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அது நடந்த மறுநாள் எனக்கு இங்கிலீஷ் பேச்சுத் தேர்வு. தேறாவிட்டால் கீழ்த்தளக் கழிப்பறை கழுவ அனுப்பிவிடுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவளை அப்படித்தான் அனுப்பினார்கள்.

அதனால் பத்து நாளாக மாலையில் பயிற்சி. படகுக்குக் கயிறு கட்டும் அண்ணன்தான் பயணியாக நடிப்பார். எல்லோரும் அவரை 'முடிச்சு' என்போம்.

"நான் இப்ப வெள்ளைக்காரன். கேளும்மா."

"வெள்ளைக்காரன் பல்லு விளக்கிட்டு வருவான்ணே."

அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். தாளைப் பார்த்தே கேட்பேன். தேர்வில் எழுதவும் வேண்டும் என்பதால் நிஜ டிக்கெட்டிலேயே எழுதுவேன். முடிந்ததும் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்துவிடுவேன்.

அன்று மழை. மணி 5.47. ஜன்னலில் நிழல் விழுந்தது. நான் நிமிரவில்லை.

"குட் ஈவினிங், சார். வேர் ஆர் யூ கோயிங்?"

"அதர்... சைடு."

குரல் கொழகொழவென்றிருந்தது. அண்ணனுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

"சிங்கிள் ஆர் ரிட்டர்ன்? ரிட்டர்ன் இஸ் வேலிட் ஃபார் தர்ட்டி டேஸ், சார்."

அந்த நீள வாக்கியம் தேர்வாளருக்குப் பிடிக்கும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

சொட்... சொட்... ஜன்னல் பலகையில் நீர் விழுந்தது.

"ரிட்டர்ன்."

எழுதினேன். அப்போதுதான் நாற்றம் வந்தது. வெயிலில் நாலு நாள் மூடிக் கிடந்த மீன்கூடையைத் திறந்தது போல. டிக்கெட்டை நீட்டினேன். வாங்கிய விரல்கள் ஊதி, வெளுத்து...

டக்.

பலகையில் ஒரு பல். கறுப்பாக. வேரோடு.

கையை இழுத்துக்கொண்டேன்.

"இந்தா வர்றேன்மா! கயிறு சிக்கிக்கிச்சு!"

தூரத்தில், துறையின் அந்தக் கடைசியில்... முடிச்சு அண்ணன்.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

5.51.

ஜன்னல் விளிம்பில் ஒரு விரலின் தோல் உறை போலக் கழன்று கிடந்தது. நகத்தோடு. காகிதத்தால் வழித்தேன். காகிதம் கிழிந்தது. அது என் நகங்களுக்குள் போனது.

டிக்கெட் இல்லை. நான் கோடு போடவே இல்லை.

"யாருண்ணே வந்தது?"

"உன் ஜன்னலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒருத்தரும் வரலையே... சீ, என்னம்மா இது நாத்தம்?"

மறுநாள் தேர்வில் அதே வாக்கியத்தைச் சொன்னேன். தேறிவிட்டேன். கவுன்டர் எனக்கே.

மூன்றாம் நாள், அக்கரைத் துறையின் கம்பங்களுக்கு அடியில் ஓர் ஆணின் உடல் சிக்கியிருந்தது. நீரில் கிடந்து இருபது நாளாவது இருக்கும் என்றார் மருத்துவர். சட்டைப்பையில் ஒரு டிக்கெட். போலீஸ்காரர் கொண்டுவந்து காட்டினார். மை கரையவில்லை. என் கையெழுத்து. மழை பெய்த அன்றைய தேதி. படகில் ஏறும்போது கிழிக்கும் பாதி கிழிக்கப்பட்டிருந்தது. திரும்பும் பாதி அப்படியே இருந்தது.

நேற்று அந்தப் போலீஸ்காரர் போன் செய்தார். ஸ்டேஷனில் உறைக்குள் வைத்திருந்த டிக்கெட்டைக் காணோமாம். உறை மட்டும் ஈரமாக இருக்கிறதாம்.

முப்பது நாள் செல்லும் என்று சொன்னவள் நான்தான்.

நாளை முப்பது.