கழுவக் கூடாத பூட்ஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்து விளையாட்டு மியூசியம் ஒன்றில் எனக்கு வேலை. பழைய கால்பந்தாட்டக்காரர்களின் வீடுகளுக்குப் போய் ஜெர்சி, கோப்பை, பூட்ஸ் என்று கேட்டு வாங்கி வருவேன். கழுவாதே, துடைக்காதே, தைக்காதே என்பதுதான் விதி. வந்தபடியே கண்ணாடிப் பெட்டிக்குள் போக வேண்டும். பிடித்த வேலை, வீட்டுக்கு வீடு எத்தனை காப்பி குடித்திருப்பேன்!

தம்பானூரில் ஒரு நாஞ்சில் நாட்டு அண்ணாச்சி, ஒரு காலத்தில் பேர்போன ஆட்டக்காரர். நாலு தடவை நடந்த பிறகு, ஒரு இறுதி ஆட்டத்தில் போட்ட பூட்ஸைக் கொடுத்தார். அடியில் முப்பது வருஷத்து மண் காய்ந்து ஒட்டியிருந்தது. "மண் உதிராமல் வைப்போம், தவறினால் திருப்பிக் கேட்கலாம்" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பெரிய மனுஷத்தனம்!

மறுநாள் சரஸ்வதி பூஜை, ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். பூட்ஸைக் கரமனையில் இருந்த என் வீட்டுக்கே கொண்டுபோய், "ஆபீஸ் சாமான், பத்திரம்" என்று மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பழவங்காடிக்குப் பூ வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால், என் பேனாவுக்கும் புத்தகங்களுக்கும் பக்கத்தில் பூட்ஸ் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருக்கிறது! தோலாயிற்றே என்று அதற்குத் தனிப் பலகை வேறு.

"பூஜைக்கு வைக்கற சாமானைச் சேறோடயா வைப்பா? நன்னாத் தேய்ச்சு அலம்பிட்டேன்" என்றாள்.

கத்தினேன். கத்தி என்ன பண்ண, மண் சாக்கடையோடு போயாயிற்று. பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை எடுக்கவும் கூடாது. எடுத்த அன்றைக்கே தம்பானூருக்குப் போனேன். அண்ணாச்சி திருப்பிக் கேட்டுவிட்டால் மியூசியத்தில் எந்த முகத்தோடு நிற்பேன்?

அவர் பூட்ஸைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"யாரு கழுவுனா?"

"வீட்டுக்காரி. தப்புதான் அண்ணாச்சி, மன்னிக்கணும்."

"அந்த மேட்ச்ல தோத்தோம் சாரே. கடைசி நிமிசத்துப் பெனால்டிய வெளிய அடிச்சது நான்தான். கழுவணும்னு வருசா வருசம் எடுப்பேன், கை வராது. கண்ணுல படாண்டாம்னுதான் உங்ககிட்ட தந்தேன்."

குங்குமத்தை விரலால் தொட்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்.

"கொண்டு போயி வைங்க. மண்ணோட இருந்திருந்தா அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். இனி வந்து பாக்கேன்."