செக்கரம்மாவும் ஒரு பரிசுத்தவானும்

புதன்கிழமை மாலை ஆலயத்தின் பக்கத்து அறையில் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மெதடிஸ்ட் சபையில் இதற்கு வகுப்புக் கூட்டம் என்று பெயர். வாரம் ஒருமுறை கூடி, அவரவர் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று மற்றவர்கள் முன்னால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கேட்பது வகுப்புத் தலைவியின் வேலை. பதினான்கு வருடமாக அந்த வேலை செக்கரம்மாவுடையது. வருகிற பதில்களும் ஏறக்குறைய மாறாதவை. கோபம் குறையவில்லை, ஜெபத்தில் தூக்கம் வருகிறது, மருமகளை மன்னிக்க மனம் வரவில்லை.

அன்று மெக்கானிக் எழுந்து நின்றான். செக்கரம்மாவின் கணவருக்குத் தம்பி. அவள் வேலை செய்யும் சட்டைக் கம்பெனியில் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவன்.

"ஆறு மாசமா தெரிஞ்சு ஒரு பாவமும் செய்யல. மனசுக்குள்ள தேடிப் பார்க்கறேன், அன்பைத் தவிர வேற ஒண்ணும் கிடைக்கல. பூரண பரிசுத்தம்னு நாம சொல்றோமே, அதை ஆண்டவர் எனக்குக் குடுத்துட்டார்னு நினைக்கறேன்."

யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. செக்கரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதன் சாவதற்கு முன்பே, இந்த உலகத்திலேயே, கிருபையால் பூரண அன்பை அடையலாம் என்பது சபையின் போதனை. அவளே அதை இந்த அறையில் எத்தனையோ முறை வாசித்து விளக்கியிருக்கிறாள். அடையலாம் என்று நம்புவதில் அவளுக்கு இதுவரை சிரமமே இருந்ததில்லை. அடைந்துவிட்டேன் என்று யாரும் வந்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லி அடுத்தவரைக் கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

கம்பெனியில் அவள் செக்கர், தைத்து வரும் சட்டைகளில் பிழை பிடிப்பது வேலை. அந்தப் பெயரே சபையிலும் ஒட்டிக்கொண்டது. மேலே வெள்ளை விளக்கு, கீழே வெள்ளை மேஜை. காலர், கை, பட்டன் துளை, ஓரத் தையல் என்று ஒரு சட்டைக்கு நாற்பது நொடி. பிழை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கண்ணை அவளால் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடிந்ததில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன் அவன் கோட்டின் தையலைப் பார்ப்பாள். புது ஆயர் முதல் பிரசங்கத்தில் ஒரு வசனத்தின் எண்ணை மாற்றிச் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷூவைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"யாரு, என் தம்பியா? பரிசுத்தவானா? பத்து வயசுல என் சைக்கிள் பெல்லைக் கழட்டி என்கிட்டயே விலை பேசினவன்டி அவன்."

"அது அப்போ. இப்போ ஆறு மாசம்னு கணக்குச் சொல்றானே!"

"சொல்லிட்டுப் போகட்டும். உனக்கு எதுக்கு வயித்தெரிச்சல்?"

"வயித்தெரிச்சல் இல்லங்க. வகுப்புக்குப் பொறுப்பு நான். நாளைக்கு அவன் சறுக்கினா பத்துப் பேர் விசுவாசமும் சேர்ந்து சறுக்கும்."

சொன்ன காரணம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று இரவே ஒரு புது நோட்டு வாங்கினாள்.

மறுநாளிலிருந்து அவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் மேஜையிலிருந்து நான்கு வரிசை மெஷின்களும் தெரியும். ஊசி உடைந்தால், நூல் சிக்கினால், பெண்கள் அவனைத்தான் கத்திக் கூப்பிடுவார்கள். ஒருத்தி, "செத்துட்டீங்களா? எவ்வளவு நேரமா கூப்பிடறது!" என்றாள். "வந்துட்டேன்மா" என்று குனிந்து பெல்ட்டை மாட்டினான். சூப்பர்வைசர் தன் தவற்றை அவன் தலையில் கட்டினார். அவன் மறுக்கவில்லை. இதெல்லாம் பரிசுத்தமா, இல்லை அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து போடும் வேஷமா? மூன்று வாரத்தில் நோட்டில் ஏறியது நான்கே வரி. அதில் ஒன்று, 'கேண்டீன் வரிசையில் பெருமூச்சு.' தனக்கே அசிங்கமாக இருந்ததால் அதை அடித்துவிட்டாள்.

ஒன்றும் கிடைக்காதது அவளை இன்னும் உறுத்தியது. பிழையே இல்லாத சட்டையை அவள் பார்த்ததில்லை. பிழை கண்ணில் படாத சட்டைகளைத்தான் பார்த்திருக்கிறாள்.

அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் முகம் கழுவப் போன நேரத்தில், அவன் பெட்டியிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெளியில் கிடைக்காது, அவனே தேய்த்துச் செய்துகொண்டது. சோதித்துப் பார்ப்பது பாவமில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது இல்லாமல் அன்று ஒரு வரிசை முழுக்க நாற்பது நிமிடம் நின்றது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவனை வாயில் வந்தபடி ஏசினார். மெக்கானிக் பதில் பேசவில்லை. ஆனால் அவன் இரண்டு காதும் சிவந்தன. செக்கரம்மா தேதி, மணி போட்டு எழுதிக்கொண்டாள்.

இதற்குள் விஷயம் சபை முழுக்கப் பரவியிருந்தது. கமிட்டியில் இருந்த வக்கீல் அதைச் சும்மா விடவில்லை. ஒருவர் தன்னைப் பூரணர் என்று சொல்லிக்கொள்ள விடலாமா என்று எழுதிக் கொடுத்தார். ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடியது. மெக்கானிக்கையும் வகுப்புத் தலைவியையும் அழைத்திருந்தார்கள்.

"சாகற வரைக்கும் பாவ சுபாவம் மனுஷனை விட்டுப் போகாது. போயிடுச்சுன்னு சொல்றதே பெருமை, பெருமை பாவம். அப்போ அந்தச் சாட்சி தன்னைத்தானே வெட்டிக்குது" என்றார் வக்கீல்.

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, போதகரா ஆகற அன்னைக்கு எங்க எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேப்பாங்க. இந்த வாழ்க்கையிலேயே அன்புல பூரணமாவேன்னு எதிர்பார்க்கறியான்னு. நானும் ஆமான்னு சொன்னவன்தான். இப்போ ஒருத்தர் கிடைச்சிடுச்சுன்னு வந்து நின்னா, வாய்ப்பே இல்லன்னு நான் எப்படிச் சொல்றது? பூரணம்னா தப்பே பண்ணாம இருக்கறது இல்ல. தெரிஞ்சு, விரும்பி அன்பை மீறாம இருக்கறது."

"அப்போ எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றார் வக்கீல்.

எல்லாரும் செக்கரம்மாவைப் பார்த்தார்கள். அவள் நோட்டைத் திறந்து வாசித்தாள். காது சிவந்த இடம் வந்ததும் சூடு பிடித்தது. காது சிவப்பது உடம்பின் வேலை, மனம் அதற்கு இணங்கினால்தான் பாவம் என்றார் ஆயர். உள்ளே கோபம் இல்லாமல் காது எப்படிச் சிவக்கும் என்றார் வக்கீல். கால் மணி நேரம் ஒரு மனிதனின் காதைப் பற்றியே பேசினார்கள். காதுக்குச் சொந்தக்காரனை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் அவனே எழுந்தான்.

"அது எந்தத் தேதி அண்ணி?"

சொன்னாள்.

"அன்னைக்கு நான் முகம் கழுவின இடத்துல கண்ணாடி இருக்கு. நீங்க என் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பையில போட்டதை அதுல பார்த்தேன்."

செக்கரம்மா நோட்டை மூடினாள்.

"உங்களை மன்னிச்சிட்டேன்னுதான் நினைச்சேன். திரும்பக் கேக்கல, யார்கிட்டயும் சொல்லல. ஆனா இந்தக் கூட்டம்னு தெரிஞ்ச நாள்லேருந்து, இங்க, எல்லார் முன்னாடியும், இதைச் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை கூடப் பார்த்தேன். இப்போ சொல்லியும் ஆச்சு. இதுக்குப் பேரு அன்பு இல்ல. என் சாட்சியை வாபஸ் வாங்கிக்கறேன்."

உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். வக்கீல் தன் காகிதங்களை மடித்தார். வென்ற முகமாக அது இல்லை. போதனை இருந்தபடியே இருக்கும், இன்று பேசியது குறிப்பில் ஏறாது என்று ஆயர் முடித்து வைத்தார்.

மறுநாள் காலை செக்கரம்மா ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு வகுப்புத் தலைமையை விட்டு விலகுவதாக ஆயரிடம் கடிதம் கொடுத்தாள். வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள். அவர் வாசித்து, "சரிம்மா, கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்" என்று மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். வகுப்பு வக்கீலின் மனைவியிடம் போனது.

முதல் புதன்கிழமை, பதினான்கு வருடமாகத் தான் கேட்டு வந்த கேள்வி இன்னொருத்தி வாயிலிருந்து அவளிடம் வந்தது. "திருடினேன். ஒரு மனுஷனைக் கீழ தள்ளறதுக்காகத் திருடினேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. மெக்கானிக் முறை வந்தபோது, "சொல்லத் தெரியல" என்று உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸுக்கு நின்றார்கள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, அந்த ஆறு மாசம்... நிஜமாவே அப்படி இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி. அதனாலதான் இப்போ தாங்க முடியல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண், உதடு, காது வரைக்கும் பார்த்தாள். உண்மைதானா, இல்லை இதுவும் அவளைக் குத்துவதற்காகச் சொன்னதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவன் ஒதுங்கி, அவளை முதலில் ஏறச் சொன்னான்.