கனிஷாயின் ஆணி டயர்கள்

தாய்வீட்டில் சாவுச் சடங்கு முடித்து, புகுந்த ஊரான ஆட்பாஷிக்குத் திரும்பிய கனிஷாய்க்குத் தன் ஜீப்பே அடையாளம் தெரியவில்லை. அரைச் சாண் உயர்ந்து, தடித்த சக்கரங்களோடு வாசலில் நின்றது. உள்ளே விருந்து நடந்துகொண்டிருந்தது.

கொழுந்தன் மிர்லான் எண்ணெய்க் கையோடு ஓடி வந்தான். பட்டறை வைத்திருப்பவன்.

"எப்படி அண்ணி? ஓநாய் மாதிரி நிக்குதுல்ல? எங்க குடும்பத்து சீர்."

அவள் வண்டியில் ஏறி, உறைந்த சந்தில் மெல்ல ஓட்டினாள். பள்ளத்துக்குப் பள்ளம் பின்பக்கம் துள்ளியது. லேசாக பிரேக்கை அழுத்தினாள். வண்டி நிற்காமல் வழுக்கிப்போய்ப் பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் முட்டியது.

மறுநாள் காலை அவள் ஊர்ப் பெரியவர் காசிமாலியை நரின் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். சிறுநீரகம் போனவர். ரத்தச் சுத்திகரிப்பு ஒரு முறை தவறினாலும் மூச்சு முட்டும். பனிக்காலத்தில் கிசில் பெல் மேட்டைத் தாண்டி அவரை ஏற்றிப்போக அவளை விட்டால் ஆளில்லை.

திரும்பி வந்தவள் மிர்லான்மேல் பாய்ந்தாள்.

"இது சேத்துல ஓட்டுற டயர். குளிர்ல கட்டையா இறுகிடும், ஐஸ்ல எங்க புடிக்கும்? ஸ்பிரிங்கும் பாரம் ஏத்துற லாரிக்குப் போடுறது. யாரைக் கேட்டு மாத்துன? ஐஸைக் கடிச்சுப் புடிக்கிற என் ஆணி டயர் எங்க?"

"பழசுதானே அண்ணி. வீணாப் போகுதேன்னு என் வண்டியில மாட்டிக்கிட்டேன்."

"ஓ. எனக்கு அழகு, உனக்கு மட்டும் உசுரைக் காக்குற டயரா?"

விருந்தாளிகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மிர்லானுக்கு முகம் சிவந்தது.

"புது டயருக்குன்னு ஆட்டை அறுத்து ஆசியும் வாங்கியாச்சு. இப்ப கழட்டுனா எல்லார் மூஞ்சியிலயும் துப்புற மாதிரி."

ஆசி சொன்னவர் காசிமாலியேதான். அந்த விருந்தில் அவர்தான் மூத்தவர். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வண்டி நல்லபடியாப் போய் வரணும்னுதான் கேட்டேன்டா. எந்த டயர்லன்னு அல்லாகிட்ட நான் சொல்லல."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கனிஷாய்க்குச் சிரிப்பு வரவில்லை. சடங்குக்குப் போட்ட கறுப்பு உடையைக்கூட மாற்றாமல் ஜாக்கியை எடுத்து மிர்லானின் வண்டிக்கடியில் வைத்தாள். இரண்டும் ஒரே ரக ஜீப். நட்டுகளைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஸ்பிரிங் உன் வேலை. பழசைத் தேடி எடுத்து மாட்டு. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கலைன்னா நானே படுத்து மாட்டுவேன், ஊரே பாக்கட்டும்."

மிர்லான் முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்கடியில் நுழைந்தான். விருந்தாளிகள் கறியை முடிக்காமலே ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

மறுநாள் காலை கிசில் பெல் மேட்டில் கண்ணாடி போல ஐஸ். ஆணிகள் நறநறவென்று கடித்துக்கொண்டு ஏறின. இருக்கையில் கிடந்த அவள் போன் அடித்தது. மாஸ்கோவில் வேலை பார்க்கும் கணவன். காசிமாலி எடுத்தார். தம்பி மிர்லானை நாலு பேர் நடுவில் அவமானப்படுத்திவிட்டாளாமே என்று அவன் கத்தியது வண்டி முழுக்கக் கேட்டது. கனிஷாய் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். கண் சாலையை விட்டு நகரவில்லை.

"அவ வண்டி ஓட்டுறா தம்பி," என்றார் காசிமாலி. "இப்பப் பேச மாட்டா. திட்டணும்னா என்னைத் திட்டு. நரின் போய்ச் சேர நேரம் இருக்கு."