வெட்டப்படாத பக்கங்கள்

கண்டியில் நடந்த நாவல் அறிமுகக் கூட்டத்தில், "ஒரு பெண்ணின் ஆன்மிகத்தை இவ்வளவு ஆழமாக யாரும் எழுதியதில்லை" என்று முழங்கினேன். உண்மையில் நாற்பது பக்கம்தான் வாசித்திருந்தேன்.

என்னோடு படிப்பிக்கும் மடுல்கெல்ல ஊர்க்காரர் சாந்தி அக்கா என் பிரதியையே கேட்டு வாங்கிப் போனார். மறுவாரம் ஆசிரியர் அறையில் திருப்பித் தந்தார்.

"நாப்பதுக்கு அப்புறம் அச்சகத்துல வெட்டாம விட்ட தாளெல்லாம் ஒட்டியே இருந்துச்சு தம்பி. நான்தான் கத்தியால வெட்டி வெட்டி வாசிச்சேன்."

புத்தகத்தை அவசரமாகப் பைக்குள் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கதையில புள்ள காய்ச்சல்ல அனத்துது, தாய்க்காரி கண்ண மூடித் தியானத்துல உக்காந்திருக்கா. அதுதான் ஞானமாம். மகனுக்குக் காய்ச்சல்னு நான் விரதத்தப் பாதியில விட்டேனே, எனக்குப் பக்தி இல்லையா?"

அன்று பின்னேரமே மிச்சத்தை வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஊதுபத்திப் புகை. ஒரு தாயைக் கல்லாக்கிவிட்டு அதற்குத் துறவு என்று பெயர் வைத்திருந்தது நாவல். அதைவிட மோசம், நான் கைதட்டல் வாங்கிய அந்த வரி.

மறுநாள் அக்காவிடம், "பக்தி இல்லாதது அந்தப் புத்தகத்துக்குத்தான். நான் வாசிக்காமலே பேசிட்டேன்" என்றேன்.

"அத மேடையில சொல்லுங்க."

மேடை இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை காத்திருக்க முடியாமல்தான் இங்கே சொல்கிறேன்.