வாடை வந்தால் ஜன்னலைச் சாத்து

இன்று நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

மதியம் பாப்பாவை ஏசி அறையில் தூங்கவைத்துவிட்டுச் சமையலறையில் இருந்தேன். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. திருவொற்றியூர்க்காரிக்கு வாடை வந்தால் கை தானாக ஜன்னலுக்குத்தான் போகும். எந்தக் கம்பெனி விட்ட புகை என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.

எல்லா ஜன்னலையும் சாத்தினேன். லேசாகத் திறந்திருந்த பாப்பா அறைக் கதவையும் இழுத்துச் சாத்தி, அடியில் ஈரத்துணி வைத்தேன். உள்ளே ஏசி ஓடுகிறது, குழந்தை பத்திரம் என்று நிம்மதி வேறு.

எதிர்வீட்டு மும்தாஜ் அக்காவிடம் சொல்ல வாசலுக்கு ஓடினேன்.

"அக்கா, ஜன்னலைச் சாத்துங்க, கம்பெனி கேஸு!"

அவர் வெளியே வந்து மோந்து பார்த்தார்.

"இன்னாமே, தெருவுல ஒண்ணுமே இல்ல. உன் வூட்டுக்குள்ளேந்துதான் வந்துகினு கீது!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் அறை முழுக்கப் புகை. ஏசியைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிக்கொண்டிருந்தது. அக்கா மெயினை அணைத்தார். நான் பாப்பாவைத் தூக்கினேன். இருமினாள். பிறகுதான் அழுதாள். அந்த அழுகைக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியவில்லை.

கரண்ட் மிச்சமாகும் என்று ஐந்து ஸ்டார் ஏசியாகத் தேடி வாங்கினோம். ஏசி மாட்ட வந்தவர்கள் அதற்குத் தனியாகத் தடிமனான ஒயர் இழுக்கச் சொன்னார்கள். "தண்டச் செலவு" என்றவர் என் கணவர். தலையாட்டியவள் நான்.

இப்போது எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறோம். மணலி கம்பெனிகள் பக்கமிருந்து ஏதோ வாடை வருகிறது.

சாத்தட்டுமா, வேண்டாமா? யாராவது சொல்லுங்கள்.