சபையில் சொன்ன சாட்சி

என் வேலையில் நாள் முழுவதும் "நான்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த நான் வேறு யாரோ. காலை ஒன்பது மணிக்கு "நான் கிளிநொச்சியில் கடை வைத்திருந்தேன்" என்பேன். பதினொரு மணிக்கு "எனக்கு இருபத்திரண்டு வயது, என் மனைவி பிள்ளைத்தாய்ச்சி" என்பேன். ஜெர்மனியில் அகதி விசாரணைக்கு வருகிறவர்கள் தமிழில் சொல்வதை, சொன்னவரின் வாயாகவே நின்று ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டும் என்பது ஒழுங்கு. "அவர் சொல்கிறார்" என்று தொடங்கக் கூடாது. முதல் சில மாதங்கள் வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கவே ஒருமாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. பதினாறு வருடங்களுக்குப் பின் அந்த வேலை என் கையைவிட்டுப் போன கதையை ஊரில் உள்ள உங்களுக்கும், என்னைப்போல் வந்து சேர்ந்தவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சம்பந்தப்பட்டவர் "தாராளமா எழுதுங்கோ" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அவர் பெயரை மட்டும் யோகன் என்று மாற்றியிருக்கிறேன்.

யோகன் வெருகல் பக்கத்துக் கடற்கரையில் மீன் பிடித்தவர். முப்பது வயது இருக்கும். பனிக்காலத்து ஒரு வியாழக்கிழமை, இரவல் ஜாக்கெட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, என் மாவட்டத்துப் பேச்சு. நான் திருகோணமலை நகரத்தில், துறைமுகத்துக்குக் கிட்ட வளர்ந்தவள். அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் ஒழுங்குதான். விசாரித்த பெண் அதிகாரி இளையவர், மரியாதையானவர். அன்று மத்தியானம்தான் "உங்களோடு வேலை செய்தால் எனக்கு நிம்மதி" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

யோகன் சில வருடங்களுக்கு முன் கிறிஸ்தவரானவர். அதனால் அதிகாரி மார்க்கத்தைப் பற்றிக் கேட்டார். பெந்தெகொஸ்தே நாள் எதைக் குறிக்கிறது, சீடர்கள் எத்தனை பேர், அவர்களின் பெயர்கள் என்ன. யோகன் நான்கு பெயர் சொல்லிவிட்டு நின்றுவிட்டார். பன்னிரண்டும் என் நாக்கு நுனியில் இருந்தன. ஞாயிறு பள்ளியில் மனப்பாடத்துக்கு வருடா வருடம் பரிசு வாங்கியவள் நான். அதன்பிறகு அதிகாரி, கிறிஸ்தவராக இருப்பது அவருடைய அன்றாட வாழ்க்கையில் எப்படித் தெரிகிறது என்று கேட்டார்.

"அன்றாடம் எண்டா ஒவ்வொரு நாளுமோ, அக்கா?"

"ஓம்."

"முந்தி விடியப்புறம் கடலுக்குப் போனா, ஆளில்லாத வலையளைக் கண்டால் தூக்கி மீனை எடுத்துப் போடுவம். இப்ப அந்தப் பக்கம் படகை விடுறேல்லை."

நான் அப்படியே சொன்னேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "அது சட்டத்தை மதிப்பது. நான் மார்க்கத்தைப் பற்றிக் கேட்டேன்" என்றார். அதைத் தமிழில் சொன்னபோது யோகன் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ஒரு கணம் யோசித்தேன். பாடல்குழுவில் இருக்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு அவர் ஊர்ப் பிரச்சினைக்கு வந்தார். படகு இழுக்கிற துறைக்குப் பாதை போட்டுத் தரச்சொல்லி பிரதேச சபைக்கு நடையாய் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "சபையில எழும்பிச் சாட்சி சொன்னனான். அதோடதான் எல்லாம் துவங்கினது" என்றார். நான் களைத்திருந்தேன். சபை என்றதும் பிரதேச சபை என்றே காதில் விழுந்தது. ஜெர்மன் மொழியில் கெமைண்ட என்ற சொல்லுக்கு ஊர்ச் சபை, திருச்சபை என்று இரண்டு பொருளும் உண்டு. அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பியிருக்கும். நானோ கெமைண்டராட் என்று ஒரு வாலையும் சேர்த்து, "உள்ளூராட்சி மன்றத்தின் முன் சாட்சியம் அளித்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

"யாருக்கு எதிராக?" என்று அதிகாரி உடனே கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"எனக்கு எதிராத்தான், அக்கா."

அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. அவர் சொன்னது அவருடைய சின்னத் தகரக் கொட்டில் சபை. எல்லாருக்கும் முன்னால் எழும்பி, தான் மீன் களவெடுத்ததை ஒத்துக்கொண்ட சாட்சி. கூடக் களவெடுத்த இரண்டு பேரின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் படகில் யார் யார் போனார்கள் என்று ஊருக்கே தெரியும். பிறகு விசாரணையில் அவர் சொன்னபடி, அந்த இரண்டு பேரும்தான் அவருடைய படகைக் கொளுத்தி, உயிரை எடுப்போம் என்று சொல்லியனுப்பியவர்கள். "ஒரு நிமிடம், என் பிழை" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான்கு சொல். மத்தியானம் கிடைத்த பாராட்டை இழக்க மனம் வரவில்லை. "எனக்கு எதிராக" என்று மட்டும் ஜெர்மன் மொழியில் சொன்னேன். அதிகாரி புருவத்தை உயர்த்தி, ப்ரொட்டோகோலில், அதாவது விசாரணைப் பதிவில், எதையோ எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முடிவில் பதிவு முழுவதையும் யோகனுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். பிழையிருந்தால் திருத்த அதுதான் கடைசி இடம். அந்த வரி வந்தபோது உள்ளூராட்சி மன்றம் என்று கடதாசியில் இருந்ததை, "சபையில் சாட்சி சொன்னேன்" என்று வேகமாக வாசித்தேன். யோகன், "ஓம், சரி" என்றார். கையெழுத்து வைத்தார். முதலில் நடந்தது காதின் பிழை. இது அப்படியல்ல.

சனிக்கிழமை பாடல்குழுப் பயிற்சியில் பாடிக்கொண்டிருந்தபோது ஊரில் நடந்த ஒரு ஞாயிறு நினைவில் நின்றது. என் அப்பா துறைமுகத்துப் படகுப் பட்டறையில் வேலை செய்தவர். பட்டறையில் ஸ்பானர் ஒன்று காணாமற்போய், கப்பல்துறைக் கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிற ஒருவரை அப்பா எல்லாருக்கும் முன்னால் பேசிவிட்டார். சனி பின்னேரம் அந்த ஸ்பானர் அப்பாவின் பையிலேயே இருந்தது. மறுநாள் காலை, நாங்கள் கோயிலுக்கு உடுத்துக்கொண்டு நிற்க, அந்த ஆளின் வீட்டுக்குப் போக அப்பா சைக்கிளை எடுத்தார். "ஆராதனை முடிய போகலாமே, நாளைக்கு வேலையில காணலாமே" என்று அம்மா கத்தினார். ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நின்ற நேரத்தில், சேர்ட் முதுகோடு ஒட்ட, வியர்வையில் குளித்தபடி அப்பா திரும்பி வந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. சனங்கள் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். அப்பா அன்று கோயிலைத் தவறவிட்டார் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

ஞாயிறு பின்னேரம் குசினியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். என் கணவர் வாசித்தார்.

"உமக்கென்ன விசரே? ஆரும் கேக்காத பிழையை ஏன் தூக்கிக் காட்டுறீர்?"

"அந்தப் பெடியன்ர சீவியம் அந்த வரியில கிடக்கு."

"உம்மட வேலையும்தான் கிடக்கு."

காலையில் எழும்பியபோது மேசையில் கடிதம் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் கணவரே தபாலில் போட்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். யாராவது முறைப்பாடு செய்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். விண்ணப்பதாரி உங்களோடு தொடர்பு கொண்டாரா? இல்லை. அவருடைய ஆட்கள் யாராவது மிரட்டினார்களா? இல்லை. "அப்படியென்றால் ஏன் எழுதினீர்கள்?" என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "பதிவில் இருப்பது பிழை, அது என் பிழை" என்றேன். அவர் நன்றி சொன்னார். யோகனுக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளரோடு மறுவிசாரணை நடந்தது. எனக்கு அந்த அலுவலகத்திலிருந்து அழைப்பு வருவது முதலில் குறைந்தது, பிறகு நின்றது. இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் அரைநாள் வேலை. குறையில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, யோகன் எங்கள் தமிழ் ஆராதனைக்கு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பதைப் பாடல்குழுவிலிருந்து கண்டேன். இறங்கி வருவதற்குள் போய்விட்டார். விண்ணப்பம் மறுக்கப்பட்டதாகவும், அந்த வாரம் ஊருக்குத் திரும்புவதாகவும், "அக்கா ஊருக்கு வந்தா வரச்சொல்லுங்கோ" என்றதாகவும், போன் நம்பரோடு ஒருவர் வந்து சொன்னார்.

போன ஆவணியில் ஊருக்குப் போனேன். திருகோணமலை லிங்கநகரில் தங்கை வீட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டு, சனிக்கிழமை பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலம், மூதூர், அதற்கப்பால் வயலும் பற்றைக்காடும். யோகன் கரையில் ஒரு படகின் அடியைச் சுரண்டிக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. பஸ்ஸில் கோத்துவைத்திருந்த வசனங்கள் எல்லாம் போய், "தம்பி, உங்களைத் திருப்பி அனுப்பினது என்ர வாய்" என்று மட்டும் சொன்னேன்.

"இல்லை அக்கா. ரெண்டாந்தரம் எல்லாம் சரியாத்தான் எழுதினவை. அப்பவும் ஏலாது எண்டவங்கள்." சுரண்டியைப் படகில் வைத்தார். "உங்கட கடிதத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினவை. அண்டைக்கு ராவு நல்லா நித்திரை கொண்டனான். அந்த நாட்டில வந்து முதல்தரம்."

படகைக் கொளுத்தியவர்களைப் பற்றிக் கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார். ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார். மற்றவர், யோகன் திரும்பி வந்து ஒரு மாதத்தில், வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றாராம். "இந்தப் படகு இப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் சொந்தம். அவன் சபைக்கு வாறேல்லை. கடலுக்கு வாறான்."

ஞாயிறு காலை தகரக் கொட்டிலில் இருபது பேர் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் யோகன் என் பக்கம் குனிந்து, "அக்கா, நீங்களும் ஒரு சாட்சி சொல்லுறீங்களோ?" என்றார். எழும்பினேன். ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னதையும், பிழை என்று தெரிந்தே மறைத்ததையும், மூன்று நாள் கழித்து ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு அம்மா ஸ்தோத்திரம் என்றார். அடுத்த பாட்டுத் தொடங்கியது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் மூவரும் கரைக்கு நடந்தோம். "அக்கா, நீங்கள் இருக்கிற நாடு எந்தப் பக்கம்?" என்று யோகனின் மனைவி கேட்டார். நான் யோசிக்காமல் கடலைக் காட்டினேன். யோகன் சிரித்துவிட்டார்.

"அது பர்மாப் பக்கம், அக்கா. ஜெர்மனி அங்கால." எங்களுக்குப் பின்னால், வயலுக்கும் காட்டுக்கும் மேலாகக் கையை வீசினார். போய் வந்தவர், அவருக்குத் தெரியும். முப்பது வருடமாக அங்கே இருக்கிற நான், அது எந்தத் திசை என்று ஒருநாளும் பார்த்ததில்லை. துறைமுகத்தடியில் வளர்ந்த எனக்கு, ஊரைவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் கடலால்தான் போனார்கள். இடப்பக்கம், கரையோடு மேலே, நான் பிறந்த துறைமுகம் இருந்தது. நான் முகத்தைத் திருப்பி அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். என் கை மட்டும் கடலை நோக்கி நீண்டபடியே நின்றது.