கெடாத தொக்கு

என் நைனா சர்க்கரை மாத்திரையை எந்த நாளில் நிறுத்தினார்? நான் அந்தப் பேச்சைப் பேசிய மறுநாளா, அதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தாரா? மூன்று வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தேன். கணவர் குவைத்துக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. கைக்குழந்தையோடு கங்காதர நெல்லூர் பக்கத்தில் அப்பா அம்மாவுடன் இருந்தேன்; அப்பாவைத்தான் நைனா என்பேன். மருந்து எதுவும் போடாமல் கூழைக் கெடாமல் வைக்க முடியுமா என்று கூடத்தில் பட்டை எண்ணெய் கலந்து பார்த்தார்கள். லவங்கப்பட்டையிலிருந்து வடிப்பது; கையில் ஒரு துளி பட்டாலே எரியும். சோதனை முடிந்து மீந்திருந்த சின்னப் புட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். குவைத்துக்குத் திரும்பும் ஒருவரிடம் கணவருக்கு மாங்காய்த் தொக்கு கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது.

அனுப்புமுன் சோதிக்க, உப்பும் எண்ணெயும் குறைத்து இரண்டு பாட்டில் போட்டேன். ஒன்றில் மட்டும் இரண்டு சொட்டு பட்டை எண்ணெய். தொக்குக்குக்கூடப் பரீட்சை வைக்கிறாளே என்று அம்மா சிரித்தாள்.

மூன்று வாரத்தில் ஒரு பாட்டிலில் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. மற்றது போட்டபடியே இருந்தது. நைனா இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் அவர் காலில் பட்ட காயம் வெகுநாளாக ஆறாமல் இருந்தது.

“ஊறுகாவையே கெடாம வெச்சிக்கினு கீதே. என் கால வெச்சிக்காதா?” என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்தவள் ஆயிற்றே, ஏதாவது சொல்ல வேண்டுமே. ஒரு வார இதழில் பார்த்தது நினைவுக்கு வந்தது.

“பட்டை சக்கரைக்கும் நல்லதுன்னு போட்டிருந்தாங்க நைனா.”

மருத்துவரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள் என்று அதில் கடைசி வரி ஒன்று இருந்தது. அதைச் சொன்னேனா? சொன்னதாகச் சில நாள் தோன்றும்.

அதன்பின் வேலையிலிருந்து திரும்பினால் வீட்டில் பட்டை மணக்கும். அவருடைய மோர் டம்ளரிலும் மணந்தது. என் புடவையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி முடிவதற்குள் கால்விரல் கறுத்துவிட்டது. திருப்பதிக்குக் கொண்டுபோனோம். அம்மா குழந்தையோடு வெளியே உட்கார்ந்திருந்தாள். புண்ணைக் கழுவிய நர்ஸ், இதில் என்ன தடவினீர்கள் என்று கேட்டார். நைனா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

“பாப்பா கொண்டாந்த எண்ணெ. துளி எரியல. நல்ல சரக்கு.”

என் கையை எரித்த எண்ணெய் அவர் புண்ணை எரிக்கவில்லை. காலில் உணர்ச்சியே போயிருந்தது. விரல்களை எடுத்தார்கள். ஆனாலும் விஷம் ரத்தத்தில் ஏறி, பதினோராம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்து வீட்டை ஒழிக்கும்போது, விதைக்கடலை டப்பாவுக்குள் சர்க்கரை மாத்திரை அட்டைகள் ஆறு இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. யாரும் பார்க்குமுன் எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது எனக்குத் திருப்பதியில் வேலை; அம்மாவும் என்னோடும் குழந்தையோடும் இருக்கிறாள். ஆடிக் கிருத்திகையன்று நைனா கெஞ்சிக் கேட்டார் என்று இரண்டாம் முறையும் பாயசம் ஊற்றினாளாம். அதுதான் அவரைக் கொண்டுபோனது என்று நம்புகிறாள். அன்றிலிருந்து இனிப்பைத் தொடுவதில்லை. பேத்தி கேட்டால்கூடத் தன் கையால் கொடுக்க மாட்டாள். “இந்தக் கைதான ஊத்திச்சி” என்பாள். நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தத் தொக்கு குவைத்துக்குப் போகவில்லை. பரணில் இருக்கிறது. எப்போதாவது மூடியைத் திறந்து பார்க்கிறேன். இன்னும் கெடவில்லை. கெட்டிருந்தால் கொட்டிவிடலாம். நல்ல தொக்கை ஏன் கொட்டுகிறாய் என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொன்னால் பாயசத்தின் பாரம் அவளிடமிருந்து இறங்கும். ஆனால் என் கணவர் வரும்வரை என் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆளில்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் ஊருக்கே போய்விட்டால்? இந்தப் பயம் நியாயமா, சுயநலமா என்றும் தெரியவில்லை. இதைப் படிப்பவர்களில் தாயிடம் இப்படி ஒன்றைச் சொன்னவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். மாத்திரை அட்டைகளை முதலில் அவள் கையில் கொடுக்கவா, பேசிவிட்டுக் கொடுக்கவா?